தோலை என்ன செய்வீர்கள்?

நவநீதன் பீர்க்கங்காய்க்கு வாழ்க்கைப்பட்டவன் என்று அவன் மனைவி சுகந்தி அடிக்கடி சொல்லுவாள். சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். ஆனால் அது முழுக்க விளையாட்டு இல்லை என்பது இருவருக்குமே தெரியும். கல்யாணமான புதிதில் ஊட்டிக்குக் கூட்டிப்போய், அவளை ஏரிக்கரையில் உட்காரவைத்துவிட்டு, ஏதோ ஒரு தோட்டக்கலைப் பண்ணையில் அரை நாளைத் தொலைத்துவிட்டு வந்தவன் அவன். திரும்பி வரும்போது கையில் பூங்கொத்து இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். ஒரு பை நிறைய விதை இருந்தது.

அந்த விதை மோகம் வீண் போகவில்லை. இன்றைக்கு அவன் பெயர் தொலைக்காட்சியில் அடிபடுகிறது என்றால், அது தோணிமேட்டினால்தான்.

தோணிமேடு சென்னைக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஊர். ஒரு காலத்தில் அங்கே அனல்மின் நிலையம் ஒன்று இருந்தது. நிலக்கரியை எரித்து எரித்துச் சாம்பலை மலையாகக் குவித்துவிட்டு, சூரிய மின்சாரம் வந்த பிறகு அது ஓய்வு பெற்றுக்கொண்டது. சாம்பல் மட்டும் ஓய்வு பெறவில்லை. அதை என்ன செய்வது என்று மண்டையை உடைத்துக்கொண்ட அதிகாரிகள், ஊரைச் சுற்றியிருந்த உவர் நிலத்தில் கலந்துவிடச் சொன்னார்கள். கலந்தார்கள். மண் பொலபொலவென்று ஆனது, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது, கத்தரிக்காய் தேங்காய் பருமனுக்குக் காய்த்தது. ஊரே வாயைப் பிளந்தது. அப்புறம்தான் யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கத்தரிக்காயைச் சோதனைக்கு அனுப்பித் தொலைத்தார். ஈயம், காட்மியம், ஆர்சனிக் என்று வாயில் வைக்கக்கூடாத சமாசாரமெல்லாம் அதற்குள் சொகுசாகக் குடியிருந்தது. தோணிமேட்டுக் காய்கறி என்றால் கோயம்பேட்டில் லாரியையே உள்ளே விடமாட்டேன் என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் விதை நிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சியாளனான நவநீதன் தன் கவசப் பீர்க்கங்காயோடு வந்து சேர்ந்தான்.

"உங்க வீட்டுக்குள்ள வரும்போது செருப்பை எங்க விடுவீங்க?" என்று அவன் தொலைக்காட்சிப் பெண்ணிடம் கேட்டான். அதே கேள்வியை எல்லாத் தொலைக்காட்சியிலும் கேட்டுப் பழகிவிட்டான்.

"வாசல்ல சார்."

"என் பீர்க்கங்காயும் அதைத்தான் பண்ணுது. சாம்பல் மண்ணுல இருக்கிற ஈயம், காட்மியம் எல்லாம் வேர் வழியா ஏறி வரத்தான் செய்யும். அதைத் தடுக்க முடியாது. ஆனா இந்தக் காய் அதையெல்லாம் வாசல்லயே, அதாவது தோல்லயே, நிறுத்திப் பூட்டிடும். உள்ள இருக்கிற சதை சுத்தம். தோலைச் சீவி ஆரஞ்சு வாளியில போட்டா, நிறுவனத்து வண்டி வந்து எடுத்துட்டுப் போய் உலோகத்தைப் பிரிச்சிடும். வருஷா வருஷம் மண்ணும் சுத்தமாகும், ஜனங்களுக்குச் சாப்பாடும் ஆச்சு."

அந்தப் பெண் கைதட்டினாள். அரசாங்கமும் கைதட்டியது. தோணிமேட்டுக்காரர்கள் மட்டும் சோதனைக்காக ஓரிரு வருடம் அதைச் சாப்பிட்டுப் பார்க்கட்டும், ரத்தம் சுத்தமாக இருந்தால் தமிழ்நாடு முழுக்க விடலாம், இல்லையென்றால் நிலத்துக்கு வேலி போட்டுவிட்டு ஊரைக் காலி செய்யலாம் என்று ஒரு குழு முடிவு செய்தது. ஊர் சம்மதித்தது. வேறு வழி?

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, டாக்டர் ஷாஹிதா ஆய்வகத்துக்குள் நுழையும் வரை. அவர் தோணிமேட்டு சுகாதார நிலையத்து மருத்துவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"ஆம்பளைங்க எல்லாம் சுத்தம். பசங்க சுத்தம். பொம்பளைங்க ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு. லேசா இல்ல, நல்லாவே."

நவநீதன் சிரித்தான். "மெஷின் கோளாறா இருக்கும் டாக்டர்."

"மெஷினுக்கு ஆம்பளை பொம்பளை வித்தியாசம் தெரியுமா நவநீதன்?"

நவநீதன் அறிக்கையை வாங்கிப் புரட்டினான்.

"ஒரே ஊரு, ஒரே தண்ணி, ஒரே காய்," என்றார் ஷாஹிதா. "ஆனா வயசுக்கு வந்த பொண்ணுங்கள்ல இருந்து கிழவிங்க வரைக்கும் இருக்கு. போன மாசம் ரெண்டு கரு தங்கல. அதுக்கு இதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. ஆம்பளைங்கள்ல ஒரே ஒருத்தருக்கு மட்டும் இருக்கு. பலராமன்னு ஒருத்தர், மனைவி தவறிப்போச்சு, தனியா இருக்காரு."

"அவர் முகத்துக்குப் பவுடர் பூசுவாரா?"

"அவர் முகம் கழுவுறதே அபூர்வம். குழு கூடுறதுக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிங்க. இல்லைன்னா வேலி போட்டுடுவாங்க."

நவநீதன் கண்டுபிடிக்கக் கிளம்பினான். காயில் குற்றம் இருக்காது என்பதில் அவனுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. பெண்களுக்கு மட்டும் என்றால், பெண்கள் மட்டும் உபயோகிக்கும் ஏதோ ஒன்றில்தான் விஷமம் இருக்க வேண்டும். குங்குமம், கண்மை, முகப்பவுடர், தலைச்சாயம், கால்விரல் மருதாணி என்று வீடு வீடாகப் போய்ச் சேகரித்தான். "இன்னா சார், எங்க வூட்டுப் பொம்பளைங்க மை டப்பா உங்களுக்கு இன்னாத்துக்கு?" என்று ஒரு கணவர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டே கேட்டார். இன்னொரு வீட்டில், மருமகளின் உதட்டுச் சாயத்தைப் பற்றி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்ட மாமியார் தனி விசாரணை நடத்தத் தொடங்கிவிட்டார். அத்தனையையும் சோதித்துப் பார்த்ததில் எல்லாமே பரம சுத்தம்.

மறுபடியும் பீர்க்கங்காயைச் சோதித்தான். சதையில் ஒன்றுமில்லை. வேகவைத்துச் சோதித்தான், வதக்கிச் சோதித்தான், பருப்போடு சேர்த்துக் கூட்டாக வைத்தும் சோதித்தான். அதிலும் ஒன்றுமில்லை. அவன் கண்டுபிடித்த காய் பத்தினியாகவே இருந்தது. அதுதான் அவனுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

குழு கூடுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. சுகந்தி வைத்த பீர்க்கங்காய்க் கூட்டைச் சாப்பிட்டுவிட்டு ஆய்வகத்துக்குக் கிளம்பினான். தோணிமேட்டு ஆய்வுப் பண்ணையில் மிஞ்சும் காய் வாராவாரம் வீட்டுக்கு வந்துவிடும். தான் உருவாக்கியதைத் தன் வீட்டிலேயே சாப்பிடுவதில் அவனுக்கு ஒரு பெருமை. தெருமுனை வரை போன பிறகுதான் அலுவலக அட்டையை மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தான்.

சுகந்தி சமையலறை மேடை ஓரமாக முக்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாலைக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். விடைத்தாள் கட்டு ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். தட்டில் சூடான சோறு, அதன் மேல் நல்லெண்ணெய், பக்கத்தில் பச்சையாக ஓர் உருண்டை. அவள் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்தால், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று தோன்றும்.

"என்னது அது?" என்றான் நவநீதன்.

"சோறு."

"பக்கத்துல?"

"துவையல். இத்தனை வருஷமா சாப்பிடுறேன், இன்னிக்கு என்ன திடீர் விசாரணை?"

"என்ன துவையல்?"

"பீர்க்கங்காய்த் தோல். உளுத்தம்பருப்பு, மிளகாய், கொஞ்சம் புளி வச்சு..."

அவள் செய்முறையை முடிக்கவில்லை. நவநீதன் தட்டைப் பிடுங்கிக் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டான். பிசைந்த கையோடு சுகந்தி அவனையே பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"தோலை வாளியில போடணும்னு சொல்லியிருக்கேன்ல!"

"போட்டேனே! முதுகுல இருக்கிற முரட்டு நரம்பைச் சீவி அந்த ஆரஞ்சு வாளியிலதான் போட்டேன். அதுதானே தோல்? இது அதுக்குக் கீழ இருக்கிற பச்சைத்தோல். இதைப் போய் யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

"அதுலதான் எல்லா ஈயமும் இருக்கு, சுகந்தி."

கவிழ்ந்த தட்டின் மேல் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் முக்காலி பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றான், குரல் இறங்கி.

"எதைச் சொல்றது? கல்யாணமான புதுசுல உங்க தட்டுல வச்சேன். 'எங்க வீட்ல தோலையெல்லாம் மாட்டுக்குத்தான் போடுவோம்'னு சொன்னீங்க. அன்னியோட உங்களுக்கு வைக்கிறதை விட்டுட்டேன். எனக்குப் பிடிக்கும், அதனால நீங்க போனப்புறம் நான் சாப்பிட்டுக்குவேன். இதை ஒரு சேதின்னு யாராவது சொல்லுவாங்களா?" அவள் கையைக் கழுவிக்கொண்டே நின்று, பிறகு மெதுவாகக் கேட்டாள். "எவ்வளவு மோசம்?"

அவனுக்குத் தெரியவில்லை. வாராவாரம் பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்த பைகள் ஒவ்வொன்றாக அவன் கண்முன் வந்து நின்றன. வாழ்க்கையில் இவ்வளவு பயம் அவனுக்கு எப்போதும் வந்ததில்லை.

மறுநாள் ஷாஹிதா ரத்தம் எடுத்துப் பார்த்தார். தோணிமேட்டுப் பெண்களுக்கு இருந்த அதே அளவுதான் சுகந்திக்கும் இருந்தது.

"இன்னியோட நிறுத்துங்க. ரத்தத்துல ஈயம் குறைஞ்சிடும்," என்றார் ஷாஹிதா. "எலும்புக்குள்ள போய் உட்கார்ந்தது மெதுவாத்தான் வெளியே வரும். அடிக்கடி வந்து காட்டணும். வயித்து வலி, கை நடுக்கம், மறதி ஏதாவது இருக்கா?"

"மறதி இருக்கு. போன மாசம் இவரோட பிறந்தநாளை மறந்துட்டேன். அது நோயில சேருமா?"

ஷாஹிதா சிரித்தார். நவநீதனால் சிரிக்க முடியவில்லை. சுகந்தி அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "நான் உயிரோடதான் இருக்கேன். முதல்ல போய் அந்தப் பொம்பளைங்ககிட்ட கேளுங்க," என்று அனுப்பி வைத்தாள்.

தோணிமேட்டில் ஆண்கள் வயலுக்குப் போயிருந்த நேரம். மகளிர் குழுத் தலைவி தேசம்மா, தண்ணீர்த் தொட்டி ஓரமாக இன்னும் சில பெண்களோடு உட்கார்ந்து கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நவநீதன் போய் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவர்களுக்கே அது வினோதமாக இருந்தது.

"அக்கா, இந்தக் காயை உருவாக்குறதுக்கு முன்னாடி நான் ஊர் முழுக்கக் கேள்வி கேட்டுட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா? பீர்க்கங்காய்த் தோலை என்ன செய்வீங்கன்னு கேட்டேன். தூக்கிப் போட்டுடுவோம்னு எல்லாரும் சொன்னீங்க. அதை நம்பித்தான் ஈயத்தைத் தோலுக்கு அனுப்பினேன்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கருவாட்டை ரொம்பக் கவனமாக ஆராயத் தொடங்கினாள்.

"எங்க வீட்ல என் மனைவி துவையல் அரைச்சு சாப்பிட்டிருக்கா," என்றான் நவநீதன். "நேத்துதான் பார்த்தேன்."

அதற்குப் பிறகு மறைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

"நாங்களும் அதான் சார்," என்றாள் தேசம்மா. "ஊட்டுல எல்லாரும் துண்ணப்புறம் கொழம்பு அடியிலதான் இருக்கும். அந்தத் தொவையல வச்சிக்கினு ரெண்டு வாய் துண்ணா வயிறு ரொம்பிடும். ஆம்பளைங்களுக்கு அது தெரியவே தெரியாது. பாவம் பலராமன், அதுக்கு எங்க ஊட்டுலர்ந்துதான் ஒரு உருண்ட போவும். பொண்டாட்டி இல்லாத மன்சன்னு..."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, அக்கா?"

"எப்புடி சார் சொல்றது?" தேசம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கார்லேர்ந்து எறங்குறீங்கோ. கையில மெஷின் வச்சிக்கினு நிக்கிறீங்கோ. ஊட்டுக்காரரு பக்கத்துலயே நிக்கிறாரு. 'நாங்க தோல துண்றோம் சார்'னு அந்த நேரத்துல சொல்லிக்கினா நல்லாவா இருக்கும்? பொண்டாட்டிக்குத் தோலப் போட்டுட்டு இவன் காயத் துண்றான்னு நீங்க நெனக்க மாட்டீங்கோ? அந்த மனுசன் மானம் இன்னாவாறது?"

ஒரு காயின் ஒவ்வோர் அணுவையும் எங்கே அனுப்புவது என்று கற்றவனுக்கு, ஒரு கேள்வியை யார் முன்னால் கேட்கக் கூடாது என்று தெரியாமல் போயிருக்கிறது. தன் மேலேயே அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

"சரி, தோல் வேண்டாம்," என்றான், கொஞ்சம் தெளிந்து. "இலைக்கு அனுப்பிட்டா?"

"எலைய அரிஞ்சி அடையில போடுவோம் சார்."

"பூவுக்கு?"

"பஜ்ஜி."

"விதைக்கு?"

"முத்துன வெதய வறுத்துக் குடுத்தா புள்ளைங்க துண்ணும்."

"கொடி?"

"ஆட்டுக்கு. ஆட்டுப்பாலு எங்களுக்கு."

"எதைத்தான்கா தூக்கிப் போடுவீங்க?"

தேசம்மா நிஜமாகவே யோசித்தாள். மற்றவர்களும் யோசித்தார்கள்.

"காம்பு, சார்," என்றாள் கடைசியில். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நவநீதனும் சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கியதும் ஓர் இளம்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பினால் வந்த கண்ணீர் இல்லை. கரு தங்காத இருவரில் அவள் ஒருத்தி என்று தேசம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

பிறகு தேசம்மாவே பேச்சை எடுத்தாள். "சார், ஒண்ணு கேக்குறேன். இன்னியோட நாங்க துண்ண மாட்டோம். சத்தியம். ஆனா அந்த மீட்டிங்குல இத்தச் சொல்லிடாதீங்கோ. வேலி போட்டு ஊரக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கன்னா, 'உங்க நாக்குதான்டி ஊரக் கெடுத்துச்சு'ன்னு எங்க தலையிலதான் வந்து வுடியும்."

"நீங்க நிறுத்திடுவீங்கக்கா. நான் வாயை மூடிட்டா இந்தக் காய் நாளைக்கு ஊர் ஊராப் போகும். அங்க இருக்கிற பொம்பளைங்ககிட்ட யார் போய்ச் சொல்லுவாங்க?"

தேசம்மா கருவாட்டுக் கூடையை நகர்த்தி வைத்தாள்.

"நான் ஒண்ணு யோசிச்சிருக்கேன்," என்றான் அவன். "ஈயத்தைக் காம்போடயே நிறுத்திடுற மாதிரி ஒரு காய் பண்ணப் பார்க்கிறேன். அதுவரைக்கும் இந்த மண்ணுல செண்டுமல்லி போடலாம். அதுவும் ஈயத்தை இழுக்கும். ஊரைக் காலி பண்ண வேண்டாம், பூ விக்கலாம். பூவைத் தின்ன மாட்டீங்கல்ல?"

"செண்டுமல்லியா? சேச்சே." அவள் அந்த இளம்பெண்ணை ஒரு தரம் பார்த்தாள். "செரி, சொல்லுங்கோ. ஆனா எங்க பேர இழுக்காதீங்கோ. உங்க ஊட்டு அம்மா பேரச் சொல்லிக்கோங்கோ."

"அவளே அப்படித்தான் சொல்லியிருக்கா," என்றான் நவநீதன்.

குழுவின் தலைவர் கோதண்டபாணி ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. கோப்பில் கையெழுத்துப் போட்டுப் போட்டே வாழ்ந்தவர், அதனால் கையெழுத்துப் போடாமல் ஒரு கூட்டம் முடிந்தால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. நவநீதன் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். தன் மனைவியின் ரத்தப் பரிசோதனை முடிவையும் மேசை மேல் வைத்தான். அறையில் அதிர்ச்சி பரவும் என்று எதிர்பார்த்திருந்தான். நிம்மதிதான் பரவியது.

"ஆக, காய்ல தப்பு ஒண்ணுமில்ல!" என்றார் கோதண்டபாணி, முகமெல்லாம் பிரகாசமாக. "நான் பயந்தே போயிட்டேன் நவநீதன். சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டிருக்காங்க, அவ்வளவுதானே?"

"சார், அவங்க தோலைச் சாப்பிடாம இருந்ததே இல்ல. தப்பு என்னோடது."

"ஒரு எச்சரிக்கை போட்டுடுவோம்," என்றார் நிறுவனத்து மேலாளர். அவர் ஏற்கெனவே ஒரு மாதிரி அட்டையைத் தயாராக வைத்திருந்தார். "ஒவ்வொரு காயோடயும் இந்த அட்டையை வச்சுடுறோம். 'தோலை உண்ணாதீர்'னு மூணு மொழியில இருக்கு. உங்களுக்கெல்லாம் அனுப்புற மாதிரிக் கூடைகள்ல ஏற்கெனவே வச்சுத்தான் அனுப்புறோம். அதுக்கு மேல சாப்பிட்டா நாம என்ன பண்ண முடியும்?"

"கடைசியில சாப்பிடுறவங்க தட்டு வரைக்கும் இந்த அட்டை போகாது சார்," என்றான் நவநீதன். "வருஷக்கணக்கா பழகின கை. அட்டையைப் பார்த்து நிறுத்தாது. கொஞ்சம் அவகாசம் குடுங்க. அதுவரைக்கும் தோணிமேட்டுல பூ போடட்டும்."

"பூவா?" யாரோ சிரித்தார்கள். "பள்ளிக்கூடச் சத்துணவுக்கே இந்தக் காயைத்தான் முடிவு பண்ணியிருக்கோம். இப்ப பூவைப் போய்ச் சத்துணவுல போட முடியுமா?"

கோதண்டபாணி பேனாவைத் திறந்தார். ஒப்புதல் கோப்பு அவர் முன்னால் விரிந்து கிடந்தது. "நவநீதன், உணர்ச்சிவசப்படாதீங்க. உங்க வீட்ல நடந்தது வருத்தமான விஷயம். ஆனா அது ஒரு வீட்டுப் பழக்கம், ஒரு ஊர்ப் பழக்கம். எல்லாரும் தோலைத் தின்னுக்கிட்டா இருக்காங்க?"

"உங்க வீட்ல கேட்டுப் பார்த்தீங்களா சார்?"

"எங்க வீட்லயா?" அவர் சிரித்தார். "எங்க வீட்ல அந்தப் பேச்சுக்கே இடமில்ல."

"ஒரே ஒரு தடவை கேளுங்க சார். நீங்க சொல்றது சரின்னா நான் வாயை மூடிக்கிறேன். கையெழுத்துப் போட்டுடுங்க."

அறையில் உற்சாகம் கூடியது. கூட்டங்களில் இப்படி ஒரு வேடிக்கை அபூர்வம். கோதண்டபாணி போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி மேசை மேல் வைத்து, வீட்டுக்கு அழைத்தார்.

"செண்பகம், ஒரு சின்ன சந்தேகம். இந்தப் பீர்க்கங்காய் வாங்குறோம்ல, அதோட தோலை என்ன பண்ணுவே?"

"ஏன், கூட்டத்துல சமையல் போட்டி வச்சிருக்காங்களா?" என்றது போனுக்குள்ளிருந்து வந்த குரல். எல்லாரும் சிரித்தார்கள். "துவையல்தான். வேற என்ன பண்றது?"

கோதண்டபாணியின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "நான் பார்த்ததே இல்லையே?"

"உங்களுக்குத் துவையல்னாலே முகம் எட்டுக் கோணலாகும். உங்க தட்டுல எதுக்கு வைக்கப்போறேன்?"

"சரி, அது கடையில வாங்குற காய். இந்த நிறுவனத்துக்காரங்க தோணிமேட்டுலேர்ந்து மாதிரிக்குன்னு கூடை அனுப்புறாங்களே, அதுல..."

"அதுதான் ஒசத்தி! வாராவாரம் வருதே, கடைக் காய் பக்கத்துலயே வர முடியாது. என்ன தளதளன்னு தோலு!"

யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் தன் மாதிரி அட்டையை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

"அந்தக் கூடையில ஒரு அட்டை இருந்திருக்குமே," என்றார் கோதண்டபாணி. குரலில் ஏதோ ஒன்று சரிந்துகொண்டிருந்தது. "படிச்சியா?"

"இருந்துச்சு, பளபளன்னு. கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்க யாருக்கு நேரம்? எண்ணெய்க் கிண்ணத்துக்கு அடியில போட்டு வச்சிருக்கேன், மேடையில பிசுக்கு ஒட்டல. ஏங்க, அடுத்த வாரம் ரெண்டு கூடையா அனுப்பச் சொல்ல முடியுமா?"

"எதுக்கு ரெண்டு?"

"நம்ம அபிநயாவுக்குத்தான். மாசமா இருக்கிற பொண்ணு, எதைக் குடுத்தாலும் வாந்தி எடுக்குது, இந்தத் துவையல் ஒண்ணுதான் வயித்துல தங்குது. மூணு வேளையும் அதையேதான் கேக்குறா. இப்பகூடத் தட்டோட உட்கார்ந்திருக்கா, பேசுறீங்களா?"

"சாப்பிட வேண்டாம்னு சொல்லு."

"என்னது?"

"செண்பகம், அவ கையில இருந்து அந்தத் தட்டை வாங்கு. வாங்கிட்டேன்னு சொல்லு எனக்கு."

போனின் மறுபக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது, பிறகு மருமகள் அபிநயா "ஏன் அத்தை?" என்று கேட்பது கேட்டது. வாங்கிவிட்டேன் என்று செண்பகம் சொன்ன பிறகுதான் அவர் போனை வைத்தார்.

திறந்த பேனா கோப்பின் மேலேயே கிடந்தது. நிறுவனத்து மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கோதண்டபாணி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"நவநீதன்," என்றார், "உங்க டாக்டரம்மா இப்ப எங்க இருப்பாங்க? என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?"